சென்னைக்கு வேலைக்கு வருகிறேன், நான் தன்பாலீர்ப்பாளன். என்னைப் போன்றவர்களை எங்கே சந்திப்பது?

"ஆப் வேண்டாம், ஆட்கள் வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தேனிப் பக்கம், ஆடி முடிவதற்குள் வேலையில் சேர வேண்டும், வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே பெண் பார்த்துவிடுவார்கள். கடைசி இரண்டும் நானாக வைத்துக்கொண்டது. விருதுநகரிலிருந்து வந்தபோது என் கதை அதுதான்.

தம்பி, பப், கிளப் என்று தேடி அலையாதீர்கள். நமக்கென்று போர்டு மாட்டிய கடை எதையும் நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. கடற்கரை மணல், யாராவது இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுக்கும் மாடி ஹால், கூட்டம் முடிந்ததும் டீக்கடை. உண்மையான பேச்சு டீக்கடையில்தான்.

2009 ஜூன் கடைசியில் மெரினாவில் நம் ஆட்களின் முதல் வானவில் பேரணி. நான் நடக்கப் போகவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போய், சுண்டல்காரர் பக்கத்தில் நின்றேன். ஆபீஸ் ஆள் யாராவது எதிரில் வந்தால் சொல்ல ஒரு பொய்யும் தயாராக இருந்தது. திருநங்கை அக்கா ஒருவர் வரிசையை விட்டு வந்து, "எவ்ளோ நேரம்டா சுண்டலையே பாத்துட்டு நிப்ப, வா" என்றார். போகவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். பாதியை வாயில் போட்டுக்கொண்டு, அந்த எண்ணெய்க் காகிதத்திலேயே ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். நாலு நாளில், தன்பாலுறவு குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து பேப்பர் எல்லாம் அதே செய்தி, எனக்கு அந்த நம்பருக்கு போன் செய்ய இன்னும் மூன்று வாரம் ஆனது.

1998-இல் தொடங்கிய சகோதரன், 2003-இல் தொடங்கிய ஓரினம், நம் ஆட்களுக்கான இந்த இரண்டு அமைப்புகளின் பெயரையும் தேடிப் பாருங்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், நம்மைப் போன்றவர்களை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை போட்டதே, அந்த வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களுடையது. அவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது இப்படிப்பட்ட அமைப்புகளாலும் நம் ஆட்களாலும்தான்.

தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவுதான் 2018-லேயே உச்ச நீதிமன்றத்தில் போய்விட்டதே, இன்னும் என்ன ஒளிந்து ஒளிந்து சந்திப்பு என்று ஒருத்தர் கீழே கமெண்டில் வருவார். வரட்டும். சட்டம் போனது சார், என் ஹவுஸ் ஓனர் போகவில்லை. "பேச்சிலருக்குத் தர்றதில்ல" என்று தொடங்கி, பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவருக்கு நான் குடியிருந்த ஆறு வருடமும் சுண்ணாம்புகூட அடித்ததில்லை! இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும், ஆனால் நீங்களும் வீடு தேடத்தானே போகிறீர்கள். ஒப்பந்தத்தில் பெயிண்ட் யார் செலவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரணி வழக்கமாக ஜூனில் நடக்கும், ஆடியில் வந்தால் இந்த வருடம் உங்களுக்குப் போச்சு. கூட்டம் ஏதாவது இருந்தால் வாருங்கள். உள்ளே வரத் தயக்கமாக இருந்தால் டீக்கடைக்கு மட்டுமாவது.