வரம்பில் நண்டு வளை: முகக்கவசம் பற்றிய கேள்வி-பதில்

காலபோக நெல் வெட்டு தொடங்கிவிட்டது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தூசியைப் பற்றியவை. எந்த மாஸ்க் வாங்குவது என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். அது முகத்தில் எப்படி உட்காருகிறது என்று கேட்பவர் குறைவு. ஆகவே பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி (நெடுங்கேணி): சூடடிக்கும்போது நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிறேன். அப்படியிருந்தும் பின்னேரம் மூக்கைச் சீறினால் கறுப்பாக வருகிறது. மூன்று போடலாமா?

பதில்: வேண்டாம். மூன்றாவதைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம். அடுக்கு தடிக்கத் தடிக்க அதனூடாக மூச்சு இழுப்பது கடினமாகும், காற்றோ லேசான வழியைத்தான் பிடிக்கும். வரம்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் அதனூடாகப் போகிற மாதிரித்தான். உங்கள் மாஸ்க்கில் மூக்குத் தண்டின் இரு பக்கமும், கன்னத்தோரமும், நாடிக்குக் கீழும் வளைகள் உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 95 வீதம் வடிகட்டும் மாஸ்க் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள், இழுக்கும் காற்றில் 10 பங்கு ஓரத்தால் வருகிறது. மிச்சம் 90 பங்கில் ஏறத்தாழ நாலரைப் பங்கின் தூசி துணியைக் கடந்துவிடும். மொத்தம் 14.5, அதாவது பாதுகாப்பு 85 வீதம். ஓரத்தால் 30 பங்கு வந்தால் பாதுகாப்பு 66 வீதமாக விழும். இப்போது துணியை மட்டும் 99 வீதத் துணியாக மாற்றுங்கள்: 69 வீதம். காசு கூடக் கொடுத்து வாங்கியது மூன்றே மூன்று வீதம். அந்த ஓட்டையை அடைத்திருந்தால் பழைய மாஸ்க்கே போதும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வேலை முடிந்து மாஸ்க்கைக் கழற்றியதும் முகத்தைக் கழுவாமல் கண்ணாடியைப் பாருங்கள். மாஸ்க் மூடியிருந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்ளே தூசிக் கோடு இழுத்திருந்தால் காற்று வந்த பாதை அதுதான். மாஸ்க்கின் உட்பக்க ஓரத்திலும் அதே கோடு தெரியும்.

இன்னொன்று: மூக்கில் கறுப்பாக வருவது பெரிய துணுக்கைகள், அவற்றை மூக்கே பிடித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சிறியவை நெஞ்சுக்குள் போய்விடும். சூடடிப்புக்கு, தலையைச் சுற்றி இரண்டு பட்டி வரும் என்95 (நுண்தூசியை வடிகட்டும் மாஸ்க் வகை) அல்லது அதன் ஐரோப்பிய வகையான எஃப்எஃப்பி2 வாங்குங்கள். லேஞ்சியும் சால்வையும் சுணையைக் கொஞ்சம் தடுக்கும், நுண்தூசிக்கு அவை கதவில்லாத வீடு.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கல் கிரஷரில் வேலை. என்95 தந்திருக்கிறார்கள். சரியாகப் போட்டிருக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

பதில்: உடைகல் தூசியில் கல்லிலுள்ள பளிங்குச் சிலிக்கா என்ற கனிமம் இருக்கலாம். அது நுரையீரலில் தழும்பு உண்டாக்கினால் திரும்பாது. ஆகவே இதில் பொறுமையாக இருங்கள்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். அமெரிக்க அங்கீகாரம் உள்ள என்95இல் அதை அங்கீகரிக்கும் நிறுவனமான நியோஷ் (NIOSH) என்ற எழுத்தும் டிசி-84ஏ (TC-84A) என்று தொடங்கும் இலக்கமும் இருக்கும், பட்டிகள் தலையைச் சுற்றித்தான் வரும். காதில் மாட்டும் பட்டியோடு என்95 என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

போடும் முறை: மூக்குக் கம்பி விரல் நுனிப் பக்கம் வரும்படி மாஸ்க்கை உள்ளங்கையில் ஏந்துங்கள், பட்டிகள் கீழே தொங்கட்டும். நாடியை முதலில் உள்ளே வைத்து மாஸ்க்கை முகத்தோடு அழுத்துங்கள். மேல் பட்டி உச்சிக்குப் பின்னால் உயரமாக, கீழ்ப் பட்டி காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் பிடரியில் போடுவதும், கீழ்ப் பட்டியை நாடிக்கு முன்னால் தொங்கவிடுவதும்தான் அதிகம் நடக்கும் பிழைகள். பிறகு மூக்குக் கம்பியை இரு கையின் விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டாக அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர் விழும், கூரின் இரு பக்கமும் காற்றுக்கு வழி.

இனிச் சோதனை. இரு கையாலும் மாஸ்க்கின் முன்பக்கத்தை மூடி, பலமாக மூச்சை விடுங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று அடித்தால் கசிவு. பிறகு பலமாக இழுங்கள், மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். மூச்சை வெளியே விடும் வால்வு உள்ளதென்றால் இழுத்துப் பார்ப்பது மட்டும்தான் சரிவரும். மாஸ்க் போடும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், பத்து விநாடி வேலை. எத்தனை முறை திருத்தியும் கசிந்தால் பிழை உங்களிடம் இல்லை, அந்த வடிவம் உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. வேறு அளவோ வேறு மாதிரியோ கேளுங்கள்.

தொழிற்சாலைகளில் இதற்கு முறையான பரிசோதனை உண்டு. தலையை ஒரு மூடிக்குள் வைத்து, இனிப்பு அல்லது கசப்பு மருந்தை விசிறுவார்கள். ருசி தெரிந்தால் தோல்வி. உங்கள் முதலாளி அதை ஒழுங்கு செய்தால் நல்லது. கல்லுக்குத் தண்ணீர் தெளித்து உடைப்பதும் அவர் பொறுப்புத்தான், மாஸ்க் அதற்குப் பின்னால் வரும் காரியம்.

கேள்வி (செட்டிகுளம்): அப்பாவின் அந்தியேட்டி முடியும்வரை சவரம் செய்வதில்லை. மாஸ்க் வேலை செய்யுமா?

பதில்: என்95 வேலை செய்யாது. ஒருநாள் முள்முடியே விளிம்பைத் தூக்கிவிடும். மீசை மாஸ்க்குக்குள் அடங்கினால் பரவாயில்லை. அந்த நாட்களில் தூசி வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): என்95 வாங்க வசதியில்லை. ஆஸ்பத்திரி மாஸ்க்கையே இறுக்கமாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. மாஸ்க்கை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காதுப் பட்டியை மாஸ்க்கின் ஓரத்தோடு ஒட்டி முடிச்சுப் போடுங்கள். விரித்ததும் பக்கத்தில் வாய்திறந்து நிற்கும் மடிப்பை உள்ளே செருகித் தட்டையாக்குங்கள். அல்லது அதன்மேல் இறுக்கமான துணி மாஸ்க் ஒன்றைப் போடுங்கள், அது ஓரத்தை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். 2021இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பொம்மைத் தலையை வைத்துச் செய்த சோதனையில், இருமலில் வெளிவரும் துணுக்கைகளைச் சும்மா போட்ட மாஸ்க் 56 வீதமும், முடிச்சுப் போட்டது 77 வீதமும், மேலே துணி போட்டது 85 வீதமும் தடுத்தன. ஆனால் என்95க்கு உள்ளே வேறு மாஸ்க் போடாதீர்கள், விளிம்பு தோலைத் தொட வேண்டும்.

கேள்வி (பரந்தன்): வயலுக்குப் பூச்சிமருந்தடிக்க என்95 போதுமா?

பதில்: போதாது. அது துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் ஆவி துணியூடாகவே வரும். கரி நிரப்பிய காட்ரிட்ஜ் (கழற்றி மாற்றும் வடிகட்டிக் குப்பி) உள்ள ரப்பர் மாஸ்க் வேண்டும், அதன்மேல் துளியைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்க வேண்டும். திறந்த காட்ரிட்ஜ் சும்மா வைத்தாலும் காற்றிலுள்ளதை இழுத்து வீணாகும். காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். போத்தல் லேபலில் என்ன மாஸ்க் என்று இருக்கும், அதை முதலில் வாசியுங்கள்.

கேள்வி (மாங்குளம்): மாமிக்குக் காசநோய் என்று சொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். யார் எதைப் போடுவது?

பதில்: மாமிக்கு ஆஸ்பத்திரி மாஸ்க், பராமரிக்கும் உங்களுக்கு என்95. இருமும்போது வாயிலிருந்து வரும் துளி பெரிது, அதை வாயிலேயே மறிக்கச் சாதாரண மாஸ்க் போதும். காற்றில் காய்ந்தால் அதே துளி 1 முதல் 5 மைக்ரோன் அளவுக்குச் சுருங்கி மிதக்கும், அப்போது விளிம்பு ஒட்டும் மாஸ்க்தான் உதவும். மாமிக்கு வால்வு மாஸ்க் வேண்டவே வேண்டாம், அவர் விடும் மூச்சு வடியாமல் வெளியேறும். யன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (முள்ளியவளை): 2022 டிசம்பரில் புகைமூட்டத்தால் பாடசாலை மூடினார்களே. அப்படி மீண்டும் வந்தால் பிள்ளைக்கு என் மாஸ்க்கைக் கொடுக்கலாமா?

பதில்: பெரியவர் மாஸ்க் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டாது. சிறிய அளவில் வரும் படகு வடிவ மாஸ்க் பாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் எதுவும் போடக்கூடாது.

கேள்வி (வவுனியா): என்95ஐத் துவைத்துப் போடலாமா? கண்ணாடியும் பனிக்கிறது.

பதில்: துவைத்தால், ஸ்பிரிட் தடவினால், தூசியை இழுத்துப் பிடிக்கும், நாரிலுள்ள மின்னேற்றம் போய்விடும். பார்வைக்கு மாஸ்க் அப்படியே இருக்கும், வடிகட்டாது. காகிதப் பையில் காயவிட்டுத் திரும்பப் போடுங்கள். பட்டி தளர்ந்தாலோ ஐந்து முறைக்கு மேல் போட்டிருந்தாலோ எறியுங்கள். கண்ணாடி பனிப்பது நல்ல எச்சரிக்கை: மூக்குத் தண்டில் ஓட்டை. கம்பியை இரு கையாலும் மறுபடி அழுத்துங்கள். பனி நிற்கவில்லையென்றால் வேறு மாதிரி மாஸ்க் பாருங்கள்.