பெட்டியைக் கீழே கொண்டுவாருங்கள்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். என் மாமியார் கல்யாணமான புதிதிலிருந்து சேர்த்த பழைய காதல் நாவல்களும், வார இதழ்த் தொடர்களைக் கிழித்துப் பைண்டு பண்ணியவையுமாக ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. தானே புயலில் வீட்டு ஓடு பறந்தபோதுகூட நனையாமல் காப்பாற்றியிருக்கிறார். கண்ணில் புரை விழுந்து அவரால் இப்போது படிக்க முடியாது என்பதால் பெட்டியை மாடிக்கு, என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன். போன மாதம் அதில் ஒன்றை விமர்சித்தேன். நாயகன் நாயகியை அறைகிற காட்சியையும் இரண்டு வர்ணனைகளையும் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் மாமியார் காதுக்குப் போய், அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த மாதமும் பழைய நாவல்தான் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்காகப் பொய்யாகப் புகழ முடியுமா? இந்த நாவல்களை நேர்மையாக விமர்சிப்பது எப்படி?

- ஒரு வாசகி, கடலூர்

பதில்: விமர்சனத்துக்குப் பிறகு வருகிறேன். ‘புரை விழுந்து அவரால் இப்போது படிக்க முடியாது என்பதால்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசுவோம்.

புரை விழுந்தால் படிக்க முடியாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதுதான் புரை. மங்கியதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தால் பார்வை திரும்பும். ஒரு மாதத்துக்கு மேல் சொட்டு மருந்து, பிறகு படிப்பதற்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ‘முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது வழக்கொழிந்த பேச்சு. முற்ற விட்டால் வில்லை கெட்டிப்பட்டு அறுவைச் சிகிச்சை கடினமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுப்போகும். நரம்பு போனால் எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது. இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிற ஆபத்து தனி.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே புதுச்சேரிக்குப் பேருந்து புறப்படுகிறது. வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. காசு கொடுத்துப் பார்ப்பவர்களுக்கும், கொடுக்க முடியாதவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. புயலில் பெட்டியைக் காப்பாற்றிய பெண்மணியின் கண்ணைக் காப்பாற்ற ஒரு பேருந்துப் பயணம் போதும். அதைச் செய்யாமல் பெட்டியை மட்டும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அவர் முகம் கொடுக்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கூட்டத்தில் சிரித்தது பிறகு நடந்தது. அவருடைய புத்தகங்கள் அவர் கையிலிருந்து போனது அதற்கும் முன்பு.

உங்கள் கடிதத்தில் ஒருவர் பேச்சே இல்லை. உங்கள் கணவர் எங்கே? பெற்ற தாயின் கண்ணைப் பார்க்க வேண்டியது முதலில் மகனின் கடமை. மருமகளிடம் விட்டுவிட்டு அவர் ஒதுங்கியிருந்தால் அவருக்கும் இந்தத் திட்டு சேரும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், பழைய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவரே கூட்டிப்போகட்டும். ‘இந்த வயசில் எதற்கு’ என்று அம்மாவே சொல்வார். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

இனி நாவல்கள். பொய்யாகப் புகழ வேண்டாம். ஆனால் போன மாதம் நீங்கள் செய்தது விமர்சனமே கிடையாது. எந்தப் புத்தகத்திலிருந்தும் மூன்று வரியை உருவி, குரலை ஏற்றி இறக்கி வாசித்தால் சபை சிரிக்கும். குடும்ப நாவல் என்று ஒதுக்கப்பட்ட வரிசையில் எழுதிய லக்ஷ்மிக்குத்தான் 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த வரிசையில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் விமர்சகர் வேண்டும்.

முதலில் புத்தகத்தின் காலத்தைக் கண்டுபிடியுங்கள். மறுபதிப்புகளில் பலசமயம் அந்தப் பதிப்பின் ஆண்டு மட்டுமே இருக்கும். கதை அதற்கு இருபது வருஷம் முந்தியதாக இருக்கலாம். பதிப்பக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் புத்தகம் 1972க்குப் பிறகு அச்சானது. லை, னை, ணை எல்லாம் மேலே கொம்பு வைத்த பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் கையிலிருந்த பழைய அச்செழுத்தை உடனே தூக்கிப்போட எல்லா அச்சகங்களாலும் முடியவில்லை. உள்ளே ஏதாவது நூலக முத்திரையில் தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தால், மாவட்டம் பிரிந்த 1993க்கு முன்பே அது சுற்றில் இருந்திருக்கிறது.

பைண்டு பண்ணிய தொடர்களில் இதழின் பெயரும் தேதியும் பக்க ஓரத்தில் இருந்திருக்கும். பைண்டர் ஓரத்தை வெட்டியபோது அது போயிருக்கும். கவலை வேண்டாம், பின்பக்கத்தைப் பாருங்கள். ‘விரைவில் வருகிறது’ என்று ஒரு சினிமா விளம்பரம் அகப்பட்டால், படம் வெளியான தேதியை வைத்து ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

தொடர் என்றால் இன்னொரு சோதனை அவசியம். அத்தியாய எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். ஒரு வாரம் இதழ் கிடைக்காமல் போயிருந்தால் ஒரு அத்தியாயம் இருக்காது. அது தெரியாமல் ‘கதையில் ஓட்டை’ என்று ஆசிரியர்மேல் பழி போடுவீர்கள். அந்த வாரம் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பவருக்குத் தெரியும், கேளுங்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிவதும், அடுத்தது நடந்த கதையைத் திரும்பச் சொல்லித் தொடங்குவதும் ஏழு நாள் காத்திருந்தவருக்காகச் செய்தவை. ஒரே மூச்சில் படிக்கிற உங்களுக்கு அலுப்பாக இருக்கும். அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

மாத நாவலின் சிக்கல் வேறு. புத்தகம் பாரக் கணக்கில் அச்சாகிறது. ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களைத்தான் அச்சகத்தில் பாரம் என்பார்கள், பொதுவாகப் பாரத்துக்குப் பதினாறு பக்கம். இத்தனை பாரம்தான் என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். அதனால்தான் முக்கால் புத்தகம் நிதானமாக நடந்த கதை கடைசிப் பத்துப் பக்கத்தில் ஓடுகிறது. இதைக் குறையாகச் சொல்லலாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

அடுத்தது சட்டம். இதில்தான் இன்றைய விமர்சகர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘அறைந்த பிறகும் ஏன் இவள் விவாகரத்து கேட்கவில்லை’ என்று எளிதாகக் கேட்டுவிடுகிறீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரிகிற வழி 1976 திருத்தத்தில்தான் வந்தது. கணவன் செய்யும் கொடுமையும் அந்தத் திருத்தத்துக்குப் பிறகே விவாகரத்துக்கான காரணம் ஆனது. அதற்கு முன் அதைக் காட்டி முதலில் தனித்து வாழத்தான் அனுமதி கேட்க முடியும். கணவன் வீட்டுக் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்தது 1983இல். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு 1989இல் கிடைத்தது, அதுவும் அதற்குள் கல்யாணமாகிப் போனவர்களுக்கு இல்லை. பக்கத்தில் புதுச்சேரியில் 2005 மத்தியத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1974இல் எழுதிய நாவலில் அந்தப் பெண் வெளியேறினால் எங்கே போவாள், எதை வைத்துச் சாப்பிடுவாள்? இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அவள் வாயைத் திறக்காத இடங்களின் பொருள் வேறாகத் தெரியும்.

அதற்காக அந்த அறையை மழுப்பச் சொல்லவில்லை. ‘அந்தக் காலம் அப்படி’ என்று எழுதாதீர்கள். அந்தக் காலத்திலும் கன்னம் வலிக்கத்தான் செய்தது. அறைந்தான் என்று நேராக எழுதுங்கள். பிறகு புத்தகம் அதை என்ன செய்கிறது என்று பாருங்கள். யாராவது அவனைக் கண்டிக்கிறார்களா? அவன் மன்னிப்புக் கேட்கிறானா, அல்லது அவள் கேட்கிறாளா? ஆசிரியர் அதைக் காதலின் அடையாளமாகக் காட்டுகிறாரா, அவனுடைய கேவலமாகக் காட்டுகிறாரா? பாத்திரம் செய்ததையும் ஆசிரியர் மெச்சியதையும் ஒன்றாகக் குழப்பினால் விமர்சனம் கெட்டது.

இந்த வகை நாவலைத் திறந்து காட்டுகிற இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாயகி வேலைக்குப் போகிறவள் என்றால் அவள் சம்பளம் யார் கைக்குப் போகிறது? கல்யாணத்துக்கு முன் ஒருவர் கையில், பின் இன்னொருவர் கையில் என்று முழுப் புத்தகத்திலும் தொடர்ந்து பாருங்கள். காதலைப் பற்றி ஆசிரியர் சொல்லாததை எல்லாம் அந்தப் பணம் சொல்லும். இரண்டாவது, நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்ளும் முடிச்சு. ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் எந்தப் பக்கத்தில் அது அவிழ்ந்திருக்கும்? அவள் ஏன் பேசவில்லை? கூட்டுக் குடும்பத்தில் இருவருக்கும் தனியாகப் பேச இடமே இல்லை என்றால் அது தேர்ந்த எழுத்து. ஆசிரியருக்குப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது என்றால் அது சோம்பல். வித்தியாசத்தை உதாரணத்தோடு காட்டுங்கள்.

இரண்டு முறை படியுங்கள். முதல் முறை கையில் எதுவும் இல்லாமல் கதைக்காக. இரண்டாம் முறை தனித் தாளில் பக்க எண்ணோடு குறிப்பு எடுங்கள். பக்க ஓரத்தில் எழுதாதீர்கள், புத்தகம் உங்களுடையது இல்லை. பதினைந்து நிமிடம் பேச்சு என்றால் கதைச் சுருக்கம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முடிவைச் சொல்லலாம், ஆசிரியர் எதை ஏற்றார், எதைத் தண்டித்தார் என்பது முடிவில்தான் இருக்கிறது. மேற்கோள் ஒன்று போதும், ஆனால் முழுப் பத்தியாக, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று சொல்லி, சாதாரணக் குரலில் வாசியுங்கள்.

கண் சரியாகும்வரை தினம் ஒரு அத்தியாயம் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தொடர் அத்தியாயங்கள் இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. காதால் கேட்கும்போது எந்த உரையாடல் உயிரோடு இருக்கிறது, எது வெறும் காகிதம் என்று உடனே பிடிபடும். ‘உங்களுக்கு இது பிடிச்சுதா அத்தை’ என்று கேட்டால் ‘ம்’ என்பதோடு முடிந்துவிடும். எந்த இடத்தில் கோபம் வந்தது, யாரிடம் இரவல் வாங்கினீர்கள், அந்த வாரத்து இதழ் வந்ததும் வீட்டில் முதலில் யார் படித்தார்கள் என்று கேளுங்கள். அந்த அறையைப் படித்தபோது அவரும் பல்லைக் கடித்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்கவே இல்லை. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சொல்வதானால் அவரிடம் அனுமதி வாங்குங்கள்.

பெட்டியை இன்றைக்கே கீழே, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். கடற்காற்று ஊரில் சுவரை ஒட்டியும் தரையை ஒட்டியும் வைக்கக் கூடாது, நான்கு செங்கல்மேல் நிற்கட்டும். துருப்பிடித்த பின்னை முன்பக்கம் பிடித்து இழுத்தால் தாள் கிழியும்; பின்புறம் மழுங்கிய கத்தியால் இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டு மெதுவாக எடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை தாளைத் தின்றுவிடும். வெயிலில் பரப்பினால் பழைய தாள் இன்னும் நொறுங்கும். மின்விசிறிக் காற்று போதும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள்.

அடுத்த மாதப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, தவளக்குப்பம் போய்வந்து, சொட்டு மருந்து முடிந்து, அவருக்குக் கண்ணாடி வந்த பிறகு பேசுங்கள். எந்த நாவல் என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும். போன மாதம் கிண்டல் செய்த அதே புத்தகத்தைத்தான் எடுத்துத் தருவார் என்று நினைக்கிறேன். மறுக்காதீர்கள்.