கிரேக்கத்திலிருந்து லத்தீன் கடன் வாங்கிய வினைச்சொல் ஒன்றின் பிறப்பையும் திரிபையும் விளக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்தது ‘குபெர்னாரெ’. லத்தீன் படிக்கத் தொடங்கிய புதிதில் அகராதியில் இதன் வேரைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க இதே நினைப்பாக இருந்தேன்.

கிரேக்கத்தில் ‘குபெர்னான்’ என்றால் சுக்கானைப் பிடித்துக் கப்பலைச் செலுத்துவது. கடல் சார்ந்த சொற்கள் பலவற்றை ரோமானியர்கள் கிரேக்கரிடமிருந்துதான் எடுத்தார்கள். நங்கூரத்துக்கு ‘அங்கோரா’, கப்பலின் முன்பக்கத்துக்கு ‘ப்ரோரா’, அவற்றோடு இதுவும். கி.மு. 200-ஐ ஒட்டி எழுதிய ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் நாடகங்களிலேயே ‘குபெர்னாத்தோர்’, அதாவது கப்பலைச் செலுத்தும் மீகாமன், வந்துவிடுகிறான்.

ஒரு மாற்றம் நம் எழுத்தில் தெரியாது. கிரேக்கச் சொல்லின் முதல் ஒலி ‘குடை’யில் வரும் ‘கு’. லத்தீனில் அது ‘அங்கு’ என்பதில் வரும் ‘கு’வாக மெலிந்துவிட்டது. கிரேக்க ‘கொம்மி’ லத்தீனில் ‘கும்மி’ ஆனபோதும் இதேதான் நடந்தது. ஆங்கிலத்தில் கோந்தைக் ‘கம்’ என்கிறார்களே, அது அந்த வழியில் வந்தது.

சரி, திரிபுக்கு வருவோம். கிரேக்க வினையடி அகரத்தில் முடிவதால், லத்தீனின் முதல் வகையில், ‘-ஆரெ’ என்று முடியும் வினைகளோடு, சிரமமில்லாமல் சேர்ந்துகொண்டது. குபெர்னோ (செலுத்துகிறேன்), குபெர்னாஸ் (செலுத்துகிறாய்), குபெர்னத் (செலுத்துகிறான்), குபெர்னாமுஸ் (செலுத்துகிறோம்), குபெர்னாத்திஸ் (செலுத்துகிறீர்கள்), குபெர்னந்த் (செலுத்துகிறார்கள்). நம்மைப் போலவே விகுதியே ஆளைக் காட்டிவிடும், ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘குபெர்னத்’ ஒன்றுதான்.

இறந்தகாலத்தில்தான் அழகு இருக்கிறது. கிரேக்கத்தில் ‘செலுத்தினேன்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘எ’ சேரும்: எகுபெர்னேசா. லத்தீன் அதைத் தொடவே இல்லை. தன் வழக்கப்படி பின்னால் ‘வீ’ சேர்த்துக் குபெர்னாவீ என்றது. எதிர்காலம் குபெர்னாபோ. அடி மட்டும்தான் கடன், விகுதியெல்லாம் சொந்தம். தமிழும் இதைத்தான் செய்திருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த யோசி, சிந்தி, பூஜி எல்லாம் யோசித்தேன், யோசிக்கிறேன், யோசிப்பேன் என்று ஒரே தடத்தில் ஓடுகின்றன.

கி.மு. 44-இல் முதுமையைப் பற்றி எழுதிய ரோமானியப் பேச்சாளர் சிசெரோ இந்த மீகாமனை அருமையாகக் காட்டுகிறார். ஒருவர் பாய்மரம் ஏறுகிறார், ஒருவர் தளத்தில் ஓடுகிறார், ஒருவர் அடியில் தேங்கிய நீரை இறைக்கிறார். மீகாமனோ சுக்கான் பிடியோடு பின்பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். அதற்காக அவன் வேலையே செய்யவில்லை என்பார்களா? முதியவரும் அப்படித்தான் என்பது அவர் வாதம்.

கப்பலிலிருந்து நாட்டை ஆள்வதற்கும் இந்த வினை லத்தீனிலேயே பொருந்திவிட்டது. அப்புறம் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நமக்குக் ‘கவர்னர்’ கிடைத்தது. 1947-இல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் தன் புதிய துறைக்குப் பெயர் தேடி நேரே கிரேக்க மூலத்துக்கே போனார். அவர் வைத்த ‘சைபர்நெட்டிக்ஸ்’தான் சுருங்கி, இன்று சைபர் கிரைம் வரை வந்து நிற்கிறது. பூஜ்யத்தைச் சைபர் என்கிறோமே, அது அரபி வழி வந்தது; இதற்கு உறவில்லை.