லத்தீன் தெரியாம மடத்துல கூடச் சேர்ந்து பாட முடியுமா?

ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: பெனடிக்டைன் மடத்து விருந்தினர் இல்லத்துல ஒரு வாரம் தங்கப் போறேன், அங்க ஜெபம் எல்லாமே லத்தீன் கிரெகோரியன் சாண்ட் (எல்லாரும் ஒரே மெட்டுல பாடற பழைய தேவாலயப் பாட்டு), எனக்கு லத்தீனும் தெரியாது அந்த நாலு கோடு நோட்டேஷனும் புரியல, சும்மா உக்காந்து கேக்கணுமா இல்ல கூடப் பாடலாமா?

தாராளமா பாடலாம். ஆனா நிறைய பேர் எடுத்த உடனே பூசையில வாசகங்களுக்கு நடுவுல வர்ற கிராதுவாலே, அல்லேலூயா மாதிரி கஷ்டமான பாட்டுகளுக்குப் போயி மாட்டிக்கிறாங்க, அதெல்லாம் பழகின துறவிகளே ப்ராக்டிஸ் பண்ணிட்டுத்தான் பாடுவாங்க, விட்டுருங்க. தூங்கப் போறதுக்கு முன்னாடி சொல்ற இரவு ஜெபத்துல ஆரம்பிங்க. புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதின ஒழுங்குங்கிற விதிநூல்ல இதுக்கு தினமும் அதே மூணு திருப்பாடல்தான்: 4, 90, 133. இப்ப சில மடத்துல கொஞ்சம் மாத்தியிருப்பாங்க, இருந்தாலும் தினம் திரும்பத் திரும்ப வர்றதால ரெண்டு மூணு ராத்திரியில வாய் தானா வந்துரும். (அந்த 90, 133 பழைய லத்தீன் எண், நம்ம பைபிள்ல 91, 134ன்னு பாருங்க.)

நாலு கோட்டைப் பாத்து பயப்பட வேண்டாம், கோட்டோட ஆரம்பத்துல இருக்கற சாவிக்குறி 'டோ' எங்க இல்ல 'ஃபா' எங்கன்னு மட்டும்தான் சொல்லுது, நாம ஸ-வை எந்த சுருதியில வேணா வெச்சுக்கிற மாதிரிதான், உயரத்தை முன்பாடகர் முடிவு பண்ணுவாரு.

நிஜமான கஷ்டம் வேற எடத்துல இருக்கு. அந்த 133ஆம் பாட்டோட முதல் வரியைப் பாருங்க: "எச்சே நுங்க் பெனெதீச்சிதே தோமினும்", அப்புறம் ஒரு நட்சத்திரக் குறி, அப்புறம் "ஓம்னெஸ் செர்வி தோமினி". பெரும்பாலும் ஒரே ஸ்வரத்துலதான் ஓடும், நடுவுலயும் கடைசியிலயும் மட்டும் ஒரு சின்ன வளைவு. அந்த நட்சத்திரத்துல எல்லாரும் நிறுத்துவாங்க, புதுசா வர்றவங்க அங்கதான் அவசரப்பட்டு தனியா உள்ள பாஞ்சுருவாங்க. பக்கத்துல இருக்கறவர் குரல் உங்க காதுல விழற அளவுக்கு மெதுவா பாடினா இது நடக்காது.

இதுல என்ன அப்படி ஈர்ப்புன்னா, தாளம் கிடையாது, யார் குரலும் தனியா தெரியாது, ரெண்டு பக்கமா பிரிஞ்சு மாத்தி மாத்தி பாடறதால உங்களுக்கு அன்னிக்கு ஜெபமே வரலன்னாலும் எதிர்ப்பக்கம் அடுத்த வசனத்தை எடுத்துட்டுப் போயிரும்.

அர்த்தம் புரியாட்டி பரவால்ல ஃபீல் போதும்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மனசும் குரலும் ஒத்துப்போகணும்னு அதே ஒழுங்கு 19ஆம் அதிகாரத்துல கேக்குது. 1963ல கத்தோலிக்கத் திருச்சபையோட ரெண்டாம் வத்திக்கான் சங்கம் கிரெகோரியனுக்கு முதல் இடம் கொடுத்துச்சு, தாய்மொழிக்கும் கதவைத் திறந்துச்சு, நிறைய மடங்க தாய்மொழிக்கே மாறிட்டாங்க, அவங்க பண்ணது தப்புன்னும் நான் சொல்லமாட்டேன். நீங்க சாயங்காலமே அந்த மூணு திருப்பாடலையும் தமிழ்ல ஒரு தடவை வாசிச்சுட்டு போங்க.

இன்னொண்ணு, ஆர்கன் இல்லாம நீளமா பாடும்போது சுருதி மெல்ல இறங்கும். நீங்க மட்டும் மேல இழுத்துப் பிடிக்காதீங்க, கூடவே இறங்கிருங்க, அடுத்த பாட்டுக்கு முன்பாடகர் புதுசா எடுத்துக் குடுப்பாரு.