கொட்டிலுக்குக் கரண்ட்: மண்ணுக்குக் கீழே எது போகலாம்?

கேள்வி: வளவின் பின்கோடியில் ஒரு கொட்டில் போட்டு வேலைத்தளமாக வைத்திருக்கிறேன். இரண்டு பல்ப், ட்ரில், கிரைண்டர், பக்கத்துக் கிணற்றில் 1 குதிரைவலு மோட்டர், அவ்வளவுதான். வீட்டிலிருந்து 40 மீற்றர் தூரம். இப்போது முருங்கையிலும் வேலிக் கதியாலிலும் கட்டி ஒரு வயர் இழுத்திருக்கிறேன், மனைவி ஏசாத நாளில்லை. பிவிசி பைப்புக்குள் சாதாரண வீட்டு வயரை விட்டுப் புதைத்தால் போதுமா? 2 அடி தோண்டச் சொல்கிறார்கள், எங்களுக்கு ஒரு அடியிலேயே கல்லு வருகிறது.
(வாசகர், இணுவில்)

பதில்: மனைவி ஏசுவது சரிதான். கதியால் தளிர்க்கும், முருங்கைக் கொப்பு காற்றுக்கு ஆடும், ஆட ஆட வயரின் தோல் உரஞ்சும். மாரி மழையில் அந்த வேலியை யாராவது ஈரக்கையோடு பிடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

பைப்புக்குள் வீட்டு வயர் விடுகிற வேலை வேண்டாம். பொருத்துகளுக்கு எவ்வளவு பசை பூசினாலும் மண்ணுக்குள் கிடக்கும் பைப்பில் தண்ணீர் சேரும், மழை இறங்காவிட்டாலும் உள்ளே வியர்த்தாவது சேரும். சுவருக்குள் போடச் செய்த ஒற்றைத் தோல் வயர் வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிக் கிடக்கத் தாங்காது. மண்ணுக்குக் கீழே ஆமர்ட் கேபிள்தான், அதாவது உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய கேபிள். 3 கோர் வாங்குங்கள், எர்த்துக்குத் தனி வயர் கிடைக்கும். கவசத்தையும் வீட்டுப் பக்கத்தில் எர்த்தோடு இணைக்க வேண்டும். கேபிள் ஒரே துண்டாக இருக்கட்டும். இரண்டு துண்டை முறுக்கி ரேப் சுற்றி மண்ணுக்குள் புதைத்த இணைப்பு ஒரு மாரியைத் தாண்டினாலே அதிசயம்.

அடுத்தது தடிப்பு. கடையில் 7/0.67 தருவார்கள், அதாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி 7 சேர்ந்தது, 2.5 சதுர மில்லிமீற்றர். ட்ரில்லுக்கும் பல்ப்புக்கும் அது தாராளம். ஆனால் உங்களிடம் மோட்டர் இருக்கிறதே. ஓடும்போது ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கிற மோட்டர், கிளம்புகிற நொடியில் அதைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். 2.5 வயரில் 40 மீற்றருக்கு ஓடும்போது 4 வோல்ற் அளவில்தான் குறையும், கிளம்பும்போதோ 25 வோல்ற் வரை விழும். பின்னேரத்தில் ஊர் முழுக்க மோட்டர் போடுகிற நேரம் 230 என்பதே பெயருக்குத்தான், அதிலும் 25 போனால் மோட்டர் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்கும், சுருள் சூடாகும். 6 சதுர மில்லிமீற்றர் (7/1.04) போட்டால் அந்த இழப்பு 10 வோல்ற் அளவுக்கு வந்துவிடும். விலை கூடத்தான். ஆனால் பிறகு தடிப்புக் காணாது என்று மாற்ற நினைத்தால் அந்தக் கல்லை மறுபடி வெட்ட வேண்டும்.

இனிக் கல்லு. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் நம் ஊரில் புதினமா? நடந்து திரிகிற இடத்தில் ஒன்றரை அடி, லாண்ட்மாஸ்டரோ (இரண்டு சக்கர உழவு மெஷின்) லொறியோ ஏறுகிற இடத்தில் 2 அடி என்று வையுங்கள். கல்லு விடாத இடத்தில் அலவாங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். மதில் இருந்தால் அதே ஆமர்ட் கேபிளை மதிலோரமாக கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள், வேலியில் மட்டும் கட்டாதீர்கள். மதில் இல்லையென்றால் கிடைத்த ஆழத்தில் தடித்த பைப்புக்குள் கேபிளை விட்டு மேலே கொங்கிறீற் போட்டு மூடுங்கள். தோண்டிய கல்லை நேரே கேபிள் மேல் தள்ளக் கூடாது. கீழே மணல், கேபிள், மேலே மணல், அதற்கு மேல் பழைய ஓடு அடுக்கி, அதன் பிறகுதான் மண். பழைய ஓடு இல்லாத வளவு யாழ்ப்பாணத்தில் உண்டா?

அந்த ஓட்டின் அருமை எனக்குத் தெரியும். நான் முதலில் புதைத்த கேபிளுக்கு ஓடும் வைக்கவில்லை, எங்கால் போகிறது என்று ஒரு படமும் கீறி வைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துத் தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டினேன், அலவாங்கு ‘டப்’ என்றது, வீட்டில் ரேடியோ நின்றது. அலவாங்கு நுனியில் மிளகளவு இரும்பு உருகிக் கறுத்திருந்தது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்தபடியால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூடுவதற்கு முன் டேப் பிடித்து அளந்து, போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்.

கொட்டில் லைனுக்கு வீட்டுப் பக்கத்திலேயே தனியாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், தனி பிரேக்கர். அதை வீட்டின் ட்ரிப் சுவிட்ச்சுக்கு முன்னால் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், கொட்டிலில் கோளாறு வந்தால் வீடு இருளாது. கொட்டிலடியிலும் ஒரு எர்த் கம்பி அடித்தால் நல்லது, கல்லில் இறங்காவிட்டால் கிணற்றடி வாய்க்கால் பக்கம் ஈரமண் பார்த்து இடம் மாற்றுங்கள். கிடங்கு வெட்டுவது உங்கள் வேலை, இணைப்பு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனின் வேலை.

கேள்வி: மழை பெய்தால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. கோழிக்கூட்டு லைனில்தான் சந்தேகம், ஆனால் அந்த பிரேக்கரை இறக்கி வைத்தாலும் விழுகிறதே?
(வாசகி, பருத்தித்துறை)

பதில்: அக்கா, சாதாரண பிரேக்கர் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும். நியூற்றல் அப்படியே இணைந்திருக்கும். கூட்டடியில் நியூற்றல் ஈரத்தில் எர்த்தைத் தொட்டால், வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடினாலே அந்தக் கரண்டில் கொஞ்சம் அவ்வழியால் கசியும், ட்ரிப் விழும். மெயினை நிறுத்தி அந்த லைனின் இரண்டு வயரையும் எலக்ட்ரீசியனைக் கொண்டு கழற்றுவியுங்கள். பிறகு விழவில்லையென்றால் உங்கள் சந்தேகம் சரி, மெகர் (வயரின் தோலால் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முதல் மெயினை நிறுத்திவிட்டு கூட்டடி பிளக் பெட்டியைத் திறந்து பாருங்கள், பல்லியும் எறும்புப் புற்றும் இருக்கும். எதுவானாலும், விழுகிறது என்பதற்காக ட்ரிப் சுவிட்ச்சைக் கழற்றி நேரே இணைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.