சான்றிதழ் புதுசு, தளம் பழசு

கேள்வி: எங்கள் வாசிகசாலையின் இணையத்தளம், அலுவலக அறையில் இருக்கும் ஒரு சிறிய கணினியில் டொக்கருக்குள் (மென்பொருள்களைக் கொன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓடுகிறது. பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் ஒரு கொன்டெய்னர், சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பொட் இன்னொன்று. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் தளப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கக் குரோனில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் நிரல்) கட்டளை போட்டிருக்கிறேன், லொக்கிலும் வெற்றி என்றே இருக்கிறது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ‘பாதுகாப்பற்றது’ என்று பிரவுசர் மறிக்கிறது. கொன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. முன்பு வந்த எச்சரிக்கை மின்னஞ்சலும் இப்போது இல்லை. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகி, ஹட்டன்

பதில்: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்கிறீர்களே தங்கச்சி, பாதி விடை அதிலேயே இருக்கிறது. செர்ட்பொட் மேலும் குற்றமில்லை, இரண்டு கொன்டெய்னரும் பகிரும் கோப்பிடமான வொல்யூமிலும் பிழையில்லை. என்ஜின்எக்ஸ் சான்றிதழைத் தொடங்கும்போது ஒரு முறை வாசித்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு கோப்பு மாறினாலும் அதற்குத் தெரியாது. புதுப் பெயர்ப்பட்டியல் ஒபிஸ் மேசையில் கிடக்க, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பழையதையே வாசிப்பது மாதிரி.

‘இரண்டு மாதம்’ என்று எழுதியதும் நல்லதாகப் போயிற்று. சான்றிதழ் 90 நாளைக்குச் செல்லும். 30 நாள் மிச்சமிருக்கும்போது செர்ட்பொட் புதியதை வாங்கிவிடும். பழையது காலாவதியாகி நீங்கள் ரீஸ்டார்ட் செய்யும்போது, புதியதின் வயது ஏற்கெனவே 30 நாள். மிச்சம் 60. கணக்குச் சரிதானே?

ஆகவே புதுப்பிக்கும் கட்டளைக்குப் பின்னால் இன்னொன்றையும் குரோனில் சேருங்கள்: என்ஜின்எக்ஸ் கொன்டெய்னருக்குள், கோப்புகளை மறுபடி வாசிக்கச் சொல்லும் ‘ரீலோட்’ சமிக்ஞை அனுப்பும் டொக்கர் எக்ஸெக் கட்டளை. கையால் அடித்துப் பார்க்கும்போது நாம் பழக்கத்தில் ‘ஐ’, ‘டி’ (-it) என்ற இரண்டு எழுத்தையும் சேர்ப்போம். அதை அப்படியே குரோனில் ஒட்டினால் ஓடாது, அங்கே திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. இரண்டு எழுத்தையும் எடுத்துவிடுங்கள். ரீலோட் செய்தால் தளம் நிற்காது, வாசித்துக்கொண்டிருப்பவர் இணைப்பும் அறாது. அதனால் சான்றிதழ் மாறினாலும் மாறாவிட்டாலும் தினமும் செய்யலாம். புதுப்பித்ததும் தானாக ஓடும் ‘ஹூக்’ ஒன்றைச் செர்ட்பொட்டுக்கென்று தனியாக எழுதி, அதற்கு டொக்கர் முழுவதையும் கட்டுப்படுத்தும் சொக்கெட்டைத் திறந்துவிடும் வழியும் உண்டு. ஒரு வாசிகசாலைத் தளத்துக்கு அது வேண்டாத ஆபத்து.

மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போவது தெரிந்ததுதானே. குரோன் தவறவிட்ட வேலையைத் திரும்பிப் போய்ச் செய்யாது. காலையிலும் இரவிலுமாக இரண்டு நேரம் வையுங்கள். புதுப்பிக்கும் காலம் வராவிட்டால் செர்ட்பொட் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். ஆத்திரத்தில், கட்டாயப்படுத்தும் ‘ஃபோர்ஸ்’ போட்டு மட்டும் புதுப்பிக்காதீர்கள்: ஒரே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தருவார்கள்.

எச்சரிக்கை மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. கையால் சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், 2029 மார்ச் 15 முதல் எந்தச் சான்றிதழுக்கும் அதிகபட்ச ஆயுள் 47 நாள்தான்.

அப்புறம், செர்ட்பொட்டின் ‘டிரை ரன்’ (ஒத்திகை) வெற்றி என்று வந்தாலும் ரீலோட் நடந்ததாக அர்த்தமில்லை. கோப்பின் திகதியைப் பார்ப்பதிலும் பயனில்லை. வாசிகசாலை வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசி டேட்டாவில் தளத்தைத் திறந்து, பூட்டுக்குறியைத் தட்டி முடிவுத் திகதியைப் பாருங்கள். அது 30 நாளுக்குள் இருந்தால் குரோன் லொக்கின் கடைசி வரிகளை எனக்கு அனுப்புங்கள்.