ஷெட்லாந்து, ஆர்க்னி: நார்ஸ் குடியேற்றம் பற்றிய கேள்வி பதில்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள இந்த இரண்டு தீவுக்கூட்டங்களிலும் ஏறத்தாழ 800-ஐ ஒட்டி நார்வேக்காரர்கள் குடியேறத் தொடங்கினார்கள். அவர்களையும் அவர்கள் மொழியையும்தான் ‘நார்ஸ்’ என்கிறோம். ஊர்ப்பெயர், படகு, நிலச்சட்டம், பேச்சு பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கிர்க்வால் என்றால் ‘கோயில் மதில்’ என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரியா சார்?

தவறு. ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலின் பழைய பெயர் கிர்க்யுவாகர். ‘கிர்க்யு’ என்பது தேவாலயம்; ‘வாகர்’ என்பது நிலத்துக்குள் புகுந்த கடல், குடா. பேச்சில் அது ‘கிர்க்வா’ என்று தேய்ந்தது. ஸ்காட் மொழியில் ‘வா’ என்றால் சுவர். பத்திரம் எழுதியவர்கள் அந்தச் சுவர்தான் இது என்று நினைத்து ‘வால்’ என்று திருத்திவிட்டார்கள். ஷெட்லாந்தின் டிங்வாலிலும் அதே ‘வால்’ கண்ணில் படும். அங்கே அது ‘வொல்லர்’, அதாவது வெளி. ‘திங்’ என்பது சபை. சபை கூடிய வெளி அது. இரண்டு ஊரிலும் சுவருக்கு வேலையே இல்லை.

பெயருக்குப் பொருள் தேடுபவர்கள் முதலில் கிடைப்பதிலேயே பழைய எழுத்து வடிவத்தைப் பாருங்கள். ஆர்க்னிக்கு 1492, 1500 ஆண்டு வரிக்கணக்குகள் இருக்கின்றன. அடுத்து உள்ளூர்க்காரர் உச்சரிப்பு, அதன் பிறகு நிலத்தின் அமைப்பு. அகராதியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். ஈற்றில் ‘பிஸ்டர்’ வந்தால் பண்ணை, ‘குவாய்’ வந்தால் மாட்டுப்பட்டி, ‘நெஸ்’ வந்தால் கடல்முனை. வரைபடத்தில் இருக்கும் இன்றைய எழுத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லாதீர்கள்.

கேள்வி: இந்தத் தீவுகளை அடமானம் வைத்தார்களாமே? இன்னும் மீட்கலாமா?

நம் ஊர் வழக்கில் சொன்னால் அது ஒத்தி. பணம் வரும்வரை கொடுத்தவர் அனுபவிக்கலாம். டென்மார்க், நார்வே இரண்டுக்கும் மன்னரான முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். பேசிய சீர் 60,000 ரைன் புளோரின் பொற்காசு. அதில் 50,000-க்கு ஈடாக 1468 செப்டம்பரில் ஆர்க்னியில் தனக்கிருந்த நிலங்களையும் உரிமைகளையும் எழுதிக்கொடுத்தார். மீதி 10,000-ஐ ரொக்கமாகத் தருவதாகப் பேச்சு. 2,000-தான் புரட்ட முடிந்தது. பாக்கி 8,000-க்கு 1469 மே மாதம் ஷெட்லாந்தும் போனது. 1472-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இரண்டையும் மன்னர் சொத்தோடு சேர்த்துக்கொண்டது. பின்னாளில் டென்மார்க் பலமுறை மீட்கக் கேட்டும் நடக்கவில்லை. இன்று எந்த நாடும் கேட்கவும் இல்லை.

கேள்வி: கொம்பு வைத்த தலைக்கவசம் அங்கே கிடைத்திருக்கிறதா?

வைக்கிங் காலத்தது எங்குமே கிடைக்கவில்லை. வைக்கிங் காலக் கவசங்களில் நன்றாக மிஞ்சிய ஒன்று, 1943-ல் நார்வேயின் ஜெர்முண்ட்புவில் கிடைத்தது. அதில் கொம்பு கிடையாது. கொம்பு 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் இசைநாடக மேடை உடையிலிருந்து பரவியது.

கேள்வி: அங்கே முன்பிருந்த பிக்ட் மக்களை நார்ஸ்காரர்கள் கொன்றே தீர்த்துவிட்டார்களா?

பெயர்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பண்ணை, குன்று, பாறை என்று ஏறக்குறைய எல்லாப் பெயரும் நார்ஸ். ஆனால் அன்ஸ்ட், யெல், ஃபெட்லர் ஆகிய மூன்று பெரிய தீவுகளின் பெயர்களுக்கு நார்ஸில் சரியான மூலம் இல்லை. ஆர்க்னி என்ற பெயரின் முதற்பகுதியும் நார்ஸுக்கு முந்தியது. ‘பாப்பா’ என்று தொடங்கும் தீவுகள் பாதிரிமார் பெயரால் வந்தவை. வந்தவர்கள் அங்கே யாரையோ பார்த்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: நாலு பெயரை வைத்துச் சமாதானம் சொல்கிறீர்கள். ஒரு மொழி முழுதாக அழிந்திருக்கிறது. அது அன்பாக நடந்திருக்குமா?

அன்பாக நடந்தது என்று நான் எழுதவில்லை. நிலம் கைமாறியது, மொழி போனது, அடிமைமுறை இருந்தது. ஆட்கள் எல்லோரும் ஒழிந்தார்கள் என்பதைத்தான் மறுக்கிறேன். ஷெட்லாந்தின் பிரெஸ்ஸே கல்லைப் பாருங்கள். கிறிஸ்தவச் சிலுவைக் கல்; விளிம்பில் ஓகம் எழுத்து. அந்த எழுத்து அயர்லாந்தில் பிறந்து பிக்டுகளிடமும் வழங்கியது. அதில் ‘மகன்’ என்பதற்கு அயர்லாந்துப் பக்கத்துச் சொல்லும், ‘தாட்டர்’ என்று நார்ஸ் ‘மகள்’ போன்ற சொல்லும் ஒரே கல்லில் நிற்கின்றன. எல்லோரையும் வெட்டிப்போட்ட இடத்தில் இப்படி ஒரு கல்லை யார் செதுக்குவார்கள்?

கேள்வி: ஒரு கல்லை வைத்து எப்படி? மரபணு ஆய்வு என்ன சொல்கிறது?

2005-ல் வந்த ஆய்வு, ஸ்காண்டிநேவிய வம்சாவளியை ஷெட்லாந்தில் சுமார் 44 விழுக்காடு, ஆர்க்னியில் சுமார் 30 விழுக்காடு என்று கணித்தது. மீதி எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். 1468-க்கு முன்னும் பின்னும் ஸ்காட்லாந்திலிருந்து ஏராளமானோர் குடிவந்தார்கள். அதனால் அந்த மீதியை முழுக்கப் பிக்ட் கணக்கில் எழுத முடியாது. இது என் பக்கத்தையும் பலவீனமாக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்வழி, பெண்வழி இரண்டிலும் நார்ஸ் பங்கு கிட்டத்தட்ட ஒரே அளவு. வந்தவர்கள் மனைவி மக்களோடு வந்து பயிர் வைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. ஐஸ்லாந்தில் ஆண்வழிதான் தூக்கல். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எல்லாத் தீவுக்கும் ஒரே கதை சொல்லாதீர்கள்.

கேள்வி: நார்வே பணம் கட்டினால் தீவுகள் திரும்பக் கிடைக்குமா?

மேலே சொல்லியிருக்கிறேன். 1472-ஐப் பாருங்கள்.

கேள்வி: ஷெட்லாந்துப் படகுகள் வைக்கிங் கப்பலின் வாரிசு என்கிறார்களே, எதை வைத்து?

கட்டும் முறையை வைத்து. ஓடு வேய்வது போல ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி வைத்து ஆணியடிப்பார்கள். உடம்பு உருவான பிறகுதான் உள்ளே வங்கு, அதாவது விலா போன்ற வளைமரம், பொருத்துவது. இரண்டு முனையும் கூர். மரம் இல்லாத தீவு என்பதால் 19-ம் நூற்றாண்டு வரை நார்வேயில் பலகையை அறுத்து, வடிவம் பார்த்து, பிரித்துக் கட்டி அனுப்பினார்கள். இங்கே மறுபடி பூட்டினார்கள். ஆறு துடுப்புப் படகுக்குப் பெயர் ‘சிக்ஸரீன்’. நார்ஸில் ‘செக்ஸேரிங்கர்’, ஆறு துடுப்பன்.

துடுப்பு உட்காரும் இடத்தைக் கவனியுங்கள். படகின் விளிம்பில் ‘கேப்’ என்ற மரமுளை. துடுப்பை அதோடு சேர்த்துப் பிடிக்கும் கயிற்று வளையம் ‘ஹம்லிபாண்ட்’. இழுக்கும்போது துடுப்பு முளையை அழுத்தும்; பின்னோக்கித் தள்ளும்போது வளையம் தாங்கும். தூண்டில் கயிற்றை இழுக்க இரண்டு கையும் வேண்டும் என்றால் துடுப்பை அப்படியே விடலாம், கடலோடு போகாது. வளையம் தளர்ந்தால் துடுப்பு ஆடி வலு வீணாகும். இறுகினால் திருப்ப முடியாது. தண்ணீர் இறைக்கும் மரக்கரண்டி ‘ஆஸ்கெரி’, உட்காரும் குறுக்குப்பலகை ‘டாஃப்ட்’. எல்லாம் நார்ஸ் சொற்கள். கடலுக்குப் போனால் பாதிரி, தேவாலயம், பூனை என்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. பாதிரியை ‘அப்ஸ்டாண்டர்’, எழுந்து நிற்பவர் என்பார்கள்.

கேள்வி: அப் ஹெலி ஆ தீத்திருவிழா ஆயிரம் வருடப் பழமையா?

ஷெட்லாந்தின் லெர்விக் நகரில் ஜனவரி கடைசிச் செவ்வாய் நடக்கும் இன்றைய வடிவம் விக்டோரியா காலத்தது. தெருவில் தார்ப்பீப்பாய் கொளுத்தி இழுப்பதை 1874-ல் தடுத்தார்கள். 1881-ல் தீப்பந்த ஊர்வலம், 1889-ல் கப்பல் எரிப்பு, 1906-ல் ‘கைஸர் யார்ல்’ தலைவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பெண்கள் லெர்விக் ஊர்வலக் குழுக்களில் சேர்ந்தது 2023-ல். புதியது என்பதால் மதிப்புக் குறைவில்லை. நார்ஸ் நினைவை ஊரே சேர்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

கேள்வி: போய்வர எவ்வளவு ஆகும்?

பயண முகவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நார்ஸ் சட்டம் இன்றும் செல்லுமா?

கொஞ்சம். நார்ஸ் வழி நில உரிமைக்கு ‘உடால்’ என்று பெயர். ‘உடால்’ நிலத்தில் உரிமை தாழ்நீர்க் கோடு வரை போகும். மற்ற ஸ்காட்லாந்தில் பொதுவாக உயர்நீர்க் கோட்டோடு நிற்கும். ஆக, அலை வற்றினால் தெரியும் கரையும் பாசியும் நிலக்காரருக்கே. 1611-ல் அரசு ‘அந்நியச் சட்டங்களை’ நீக்கியது, ஆனாலும் இது வழக்குமன்றம் வரை வந்துகொண்டே இருந்தது. 1958-ல் ஷெட்லாந்தின் செயின்ட் நினியன் தீவில் ஒரு பள்ளி மாணவன் கண்டெடுத்த 28 வெள்ளிப் பொருட்களுக்கும் உடால் சட்டப்படி பங்கு கேட்டார்கள். 1963-ல் தீர்ப்பு மன்னர் பக்கம் போனது. தாழ்நீர்க் கோட்டைத் தாண்டிய கடலடிக்கு உடாலை நீட்டாதீர்கள். அந்த வழக்கும் தோற்றது.

கேள்வி: அந்த 60,000 புளோரினை இப்போது கொடுத்தால்?

மூன்றாம் முறை. இதற்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் பாவாடை, கேலிக் மொழி எல்லாம் அங்கே உண்டா?

ஊர் மரபாக இல்லை. நார்ஸிலிருந்து நேரே ஸ்காட் மொழிக்கு மாறியவர்கள்.

கேள்வி: அவர்களுடைய நார்ன் மொழியில் ஒரு வரியாவது மிஞ்சியிருக்கிறதா ஐயா?

இருக்கிறது. நார்ன் என்பது இந்தத் தீவுகளில் பேசிய நார்ஸ். 1774-ல் ஜார்ஜ் லோ என்ற பாதிரியார் ஃபௌலா தீவில் 35 பத்திகள் கொண்ட கதைப்பாடலை எழுதி வைத்தார். மொழி தெரியாமல் காதில் விழுந்தபடி எழுதியதால் சொற்களின் எல்லை குழம்பிக் கிடக்கும். நவீன அச்சில் திருத்தியதை மூலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாகப் பேசியவர் என்று சொல்லப்படும் வால்டர் சதர்லாந்து 1850 வாக்கில் இறந்தார். 1893 முதல் 1895 வரை பரோயே தீவுக்காரர் யாகோப் யாகோப்சன் வந்து சுமார் 10,000 சொற்களைத் திரட்டினார்.

வாய்மொழியில் நின்றது ஒரு விடுகதை: ‘ஃபிரா ஹொங்கா, ஃபிரா கொங்கா’ என்று தொடங்கும். நாலு தொங்கும், நாலு நடக்கும், நாலு வானம் பார்க்கும், இரண்டு வழிகாட்டும், ஒன்று ஆடிக்கொண்டே பின்னால் வரும். காம்பு, கால், கொம்பும் காதும், கண், வால். பசு. இதே விடுகதை பரோயேயிலும் ஐஸ்லாந்திலும் அதே தொடக்கத்தோடு இருக்கிறது.